புறப்பட்ட திகதி

பாரிஸின் லா சப்பலில் தொலைபேசி அட்டையும் விமானச் சீட்டும் விற்கிற ஒரு கடையின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. வாடகை மேசைதான். அதில் உட்கார்ந்து மற்றவர்களுடைய படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் தொழில். வருமான வரி, வீட்டு உதவித்தொகை, வதிவிட அட்டை புதுப்பித்தல் என்று எல்லாம் வரும். ஏப்ரலும் மேயும் வந்துவிட்டால் ஒரு தேநீர் குடிக்க எழும்ப நேரமிருக்காது. உணவகங்களில் இரண்டு நேரமும் வேலை செய்கிற சமையல்காரர்கள், கடைக்காரர்கள், ஒபர்வில்லியே கிடங்குகளில் பெட்டி தூக்குகிறவர்கள் என்று ஒருவர் மாறி ஒருவர் வந்து உட்காருவார்கள்.

அவர்களில் பாதிப் பேர் கடிதங்களைப் பிரிக்காமலே கொண்டுவருவார்கள். மரக்கறி வாங்கிய பைக்குள் நாலைந்து மாதக் கடிதங்கள், ஒட்டிய உறை ஒட்டியபடி இருக்கும். "நீங்களே உடையுங்கோ தங்கச்சி, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று மேசையில் கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "திறக்காட்டில் கடிதம் இல்லையெண்டு ஆகுமோ அண்ணை? உறைக்குள்ளை இருந்தாலும் அதுக்கு நாள் ஓடிக்கொண்டுதானே இருக்கும்?" என்று ஏசுவேன். அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலத் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்கள். பிறகு நான் ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். பத்தில் எட்டு வெறும் அறிவித்தலாக இருக்கும்.

படிவத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது என்பது என் இரண்டாவது ஏச்சு. இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், பூச்சியம் என்றால் பூச்சியம் போடுங்கள், வெறும் கட்டத்தைக் கண்டால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும் என்பேன். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இவ்வளவு வாய் காட்டிய நான் ஆறு வருடங்களாக ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தேன். அது இந்த நாட்டுப் படிவத்தில் இல்லை, கனடாப் படிவத்தில்.

கலியாணத்துக்கு முன் நான் கனடாவில், ஸ்காபரோவில் அண்ணன் வீட்டில் அம்மாவோடு இருந்தேன். அங்கே ஒரு கணக்காளரின் அலுவலகத்தில் மூன்று வரிப் பருவங்கள் வேலை செய்தேன். அந்தத் தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் அங்கே பிடிபட்டதுதான். சொந்தத் தொழில் செய்கிறவர் பற்றுச்சீட்டுகளை மாதத்துக்கு ஓர் உறையில் போட்டு வைக்க வேண்டும். காருக்கு அடித்த எண்ணெய் முழுவதையும் தொழில் செலவு என்று எழுதக் கூடாது. எந்த நாள், எங்கே, எவ்வளவு தூரம் என்று ஒரு கொப்பியில் குறித்து, தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டும் கழிக்க வேண்டும். வீட்டில் ஓர் அறையில் வேலை செய்தால் அந்த அறையின் பங்குதான் கணக்கு, குசினியையும் குளியலறையையும் சேர்த்து அளக்கக் கூடாது. கையில் காசு வந்த அன்றே வரிக்கென்று ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கிவிட்டால் ஏப்ரலில் நித்திரை வரும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாட்டை விட்டுப் போகிறவர் புறப்பட்ட திகதியை எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். வீடு எங்கே, துணை எங்கே, பிள்ளை எங்கே என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். மூன்றும் இருக்கிற நாடுதான் நீங்கள் வசிக்கிற நாடு.

பாரிஸில் இருந்த ஒருவரைக் கலியாணம் செய்தேன். பிள்ளைப்பேறு வரைக்கும் அம்மாவோடேயே இருந்து, ஸ்காபரோவில் மகளைப் பெற்று, அவளுக்கு ஐந்து மாதமானபோது தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். பாரிஸுக்கு வெளியே சார்செலில் மூன்றாம் மாடியில் வீடு. வீடும் கணவரும் பிள்ளையும் இங்கேதான். ஆனால் மகளுக்காகக் கனடா அரசு மாதாமாதம் போடுகிற பிள்ளைக் காசு, எனக்கும் அம்மாவுக்கும் பொதுவாக இருந்த வங்கிக் கணக்கில் அங்கே விழுந்துகொண்டே இருந்தது. அந்த நாட்டில் வசிக்கிறவர்களுக்கு மட்டும் உரிய காசு அது.

அடுத்த வருட ஏப்ரலில் அண்ணன் எனக்கான வரிப் படிவத்தைக் கணினியில் நிரப்பினார். நான் சார்செலில் இருந்து தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் மேசையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசித்துக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நின்றார்.

"இந்த வருசம் கனடாவை விட்டு வெளியேறியிருந்தால் வெளியேறின திகதி. என்ன போடுறது?"

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா தலையை நீட்டினார்.

"அதென்ன கேள்வி? அவள் எங்கை வெளியேறினவள்? போட்டு வாறன் எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனவள்."

எங்கள் வீட்டில் 'போறன்' என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறிப் 'போறன்' என்று சொன்னவரை அம்மா வாசலில் மறித்து உள்ளே கூப்பிட்டு, இருத்தி, தண்ணீர் குடிக்க வைத்து, திரும்பச் சொல்ல வைத்துத்தான் வெளியே விடுவார். விமான நிலையத்தில் கைக்குழந்தையோடு நின்ற என்னையும் இரண்டு தரம் சொல்ல வைத்தவர். அப்படிப்பட்டவருக்கு முன்னால் அந்தத் திகதியை எப்படிச் சொல்வது? அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். கட்டம் வெறுமையாகவே போனது.

சிரித்ததுதான் என் குற்றம். அம்மாவுக்குத் தெரியாது, அண்ணனுக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பயம் அன்று இரவே வரவில்லை. மெல்ல மெல்ல வந்தது. இரண்டாவது வருடம் பிள்ளைக் காசு நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. மூன்றாவது வருடம் நானே எழுதி அறிவித்துவிடுவோம் என்று தை மாதத்தில் முடிவெடுத்தேன். அவர்கள் கேட்பதற்கு முன் நாமாகச் சொன்னால் தண்டனை குறையும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை அதற்குள் வளர்ந்திருந்தது. அதைக் கூட்டிப் பார்க்கத் துணியவில்லை. அடுத்த தைக்குத் தள்ளினேன். அடுத்த தையில் தொகை இன்னும் பெரிதாக இருந்தது. அதற்கிடையில் அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்து அம்மா வீட்டுக் கூரையைத் திருத்தினார் என்று அண்ணன் சொன்னார். நல்லது என்று சொல்லிவிட்டு வேறு கதைக்கு மாறினேன்.

விடுமுறைக்கு அங்கே போகும்போது கடவுச்சீட்டுப் பார்க்கிற அதிகாரி, "எங்கே வசிக்கிறீர்கள்?" என்று சும்மா கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக விமானத்திலேயே பதிலை ஒத்திகை பார்த்து வைப்பேன். பிரான்சில் என் மேசை வருமானத்தை ஒரு சதம் விடாமல் அறிவித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருட வரி அறிவித்தலிலும் சார்செல் முகவரி அச்சாகி வரும். ஒரே பெண் இரண்டு நாடுகளில் வசிப்பதாக இரண்டு அரசாங்கங்கள் நம்பிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரு நாள் ஒன்றோடு ஒன்று கதைத்தால் என்ன ஆகும் என்பதுதான் ரயிலில் போகும்போதும் வரும்போதும் என் நினைப்பு.

அந்தக் கடிதம் வந்தது போன வருடம் மே மாதத்தில். பிற்பகல் இரண்டு மணி இருக்கும், அங்கே காலை எட்டு. ஒரு சமையல்கார அண்ணைக்கு வருமானத்தை அடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அதிர்ந்தது. அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார். கனடா வரித் திணைக்களத்தின் கடிதம். என் பெயர், ஸ்காபரோ முகவரி. உங்கள் வதிவிட நிலையை மீளாய்வு செய்கிறோம். பிள்ளை உங்களோடு கனடாவில் வசிப்பதற்கான ஆதாரங்களைக் குறித்த நாளுக்குள் அனுப்புங்கள். பள்ளிக்கூடக் கடிதம், வைத்தியரின் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம்.

கண்ணில் எழுத்துகள் மிதந்தன. கை தன்பாட்டில் அடித்துக்கொண்டு போனது. எதிரில் இருந்தவர் திரையை எட்டிப் பார்த்தார். பிரெஞ்சு தெரியாத மனிதர், எண் தெரியும்.

"தங்கச்சி, நான் இவ்வளவு உழைக்கிறேல்லையே" என்றார்.

ஒரு பூச்சியம் கூடுதலாக அடித்திருந்தேன். மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். அவர் எழும்பிப் போன பிறகு கடைக்காரரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெரு வழக்கம்போலத்தான் இருந்தது. மரக்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய் பொறுக்கினார்கள், யாரோ உரத்துச் சிரித்தார்கள். மெட்ரோப் பாலத்துக்குக் கீழே நின்றுகொண்டு அண்ணனைத் தொலைபேசியில் எடுத்தேன்.

"பயப்பிடாதை" என்றார் அண்ணன். "எங்கடை றோட்டிலை பிள்ளையள் பாக்கிற அன்ரி இருக்கிறா. அவ ஒரு கடிதம் தருவா. நான் வீட்டுக்காரன் எண்டு ஒரு கடிதம் குடுக்கிறன், இவை என்ரை வீட்டிலைதான் இருக்கினம் எண்டு. அதோடை முடிஞ்சுது."

"அண்ணை, உங்கடை வேலை?"

அண்ணனுக்கு விமான நிலையத்தில், விமானங்கள் நிற்கிற உட்பகுதியில் வேலை. அதற்குள் போக ஓர் அட்டை வேண்டும். ஆளைப் பற்றி விசாரித்துத்தான் அதைக் கொடுப்பார்கள், விசாரித்துத்தான் புதுப்பிப்பார்கள். அந்த வருடம் அவருடைய அட்டை புதுப்பிக்க வேண்டிய வருடம். அரசாங்கத்துக்குப் பொய்க் கடிதம் கொடுத்தார் என்று ஒரு கீறல் விழுந்தால் அட்டை போகும், அட்டையோடு வேலை போகும். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், அம்மா.

"உதெல்லாம் ஆர் பாக்கப்போயினம்" என்றார் கடைசியில். குரலில் பலமில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் அகதியாக வந்து வருடக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தவர். இன்றைக்கும் யன்னல் வைத்த அரசாங்க உறையைக் கண்டால் அவருடைய முகம் மாறும். கதை முழுவதையும் கேட்டார்.

"இஞ்சரும், உண்மையைச் சொன்னால் என்ன செய்வினம்?"

"காசைத் திருப்பிக் கேப்பினம். தண்டமும் போடலாம்."

"பொய்யைச் சொன்னால்?"

மகள் அறையிலிருந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். நான் எழும்பி அவளிடம் போனேன்.

அடுத்த பத்து நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அடுத்த முறை அங்கே போகும்போது மகளையும் என்னையும் தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள் என்று நினைத்தேன். கடவுச்சீட்டைப் பறிப்பார்கள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று வேறு யாருக்காவது என்றால் மேசையில் அடித்துச் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொல்லியபோது நம்ப முடியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கடிதப் பையைக் கொட்டியபோது ஏசுவதை விட்டுவிட்டேன். "என்ன தங்கச்சி, சுகமில்லையோ?" என்று ஓர் அக்கா கேட்டார். நான் ஏசாதது அவருக்கு நோயாகத் தெரிந்திருக்கிறது.

பதினோராம் நாள் அண்ணன் தன் கடிதத்தை எழுதி அனுப்பினார். நான் கணக்காளரின் அலுவலகத்தில் வேலை செய்தவள் அல்லவா, ஆங்கிலத்தைத் திருத்தித் தரட்டுமாம். மதியம் மேசையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைத் திறந்தேன்.

என் தங்கையும் அவள் மகளும் என் வீட்டில் வசிக்கிறார்கள் என்று தொடங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மாடியில் யன்னலோரம் இருக்கிற அறை அவர்களுடையது. காலையில் பிள்ளையை நான்தான் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளை என் தாயோடு கடைக்குப் போகும். குளிர்காலத்தில் பிள்ளைக்கு இருமல் வரும், என் தாய் மல்லி அவித்துக் கொடுப்பார்.

வரித் திணைக்களத்துக்கு மல்லித் தண்ணீர் எதற்கு? எழுதியது அண்ணனாக இருக்கலாம், சொன்னது அவர் இல்லை என்று விளங்கிவிட்டது. மாடியறை உண்மையிலேயே இருக்கிறது. அதில் சின்னக் கட்டில் ஒன்று கிடக்கிறது. நாங்கள் இங்கே பிரான்சுக்கு வந்த பிறகு அம்மா வாங்கிப் போட்டது. விடுமுறைக்குப் போகும் இரண்டு கிழமைகளைத் தவிர அதில் யாரும் படுத்ததில்லை. கடிதத்தின் கீழே அண்ணனுடைய முழுப் பெயரும், வேலை செய்யும் இடமும், கையெழுத்துக்கு ஒரு கோடும் இருந்தன. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை எனக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அந்தக் கோட்டில் விழப்போவது என்னுடைய பெயர் இல்லை.

உடனே எடுத்தேன். அண்ணன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"இதை அனுப்பக் கூடாது அண்ணை. அந்த அன்ரியிட்டையும் கேக்க வேண்டாம். நான் உண்மையை எழுதப்போறன்."

"விசர்க் கதை கதைக்காதை. எவ்வளவு காசு வரும் எண்டு தெரியுமோ?"

"தெரியும். கூட்டிப் பாத்தனான். நான் இஞ்சையிருந்து கட்டுவன்."

"அம்மா சொல்லச் சொல்லத்தான் எழுதினனான்" என்றார் மெதுவாக. "நான் போதும் எண்டு சொல்லவும் அவ நிப்பாட்டேல்லை."

பிறகு தொலைபேசி கை மாறுகிற சத்தம். அம்மா வந்தார். என்ன கதைத்தோம் என்று அவர் கேட்கவில்லை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும்.

"திகதி போடப்போறியோ?"

"ஓம் அம்மா."

தூரத்தில் அவர்கள் வீட்டுக் குசினிக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை மூடினார்கள்.

"அப்ப நீ போனதுதான்" என்றார் அம்மா.

இந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்திருக்கிறது. திணைக்களமும் தண்டமும் எனக்குப் பயம்தான், பொய்யில்லை. ஆனால் ஆறு வருடங்களாக ஒவ்வொரு தையிலும் என் கையைப் பிடித்தது இந்த ஒரு வசனம். ஓம் என்று சொன்னேன். அழுதேன். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டார்.

அன்று மாலை குசினி மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். ஒவ்வொரு வருட பிரெஞ்சு வரி அறிவித்தல், வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கட்டணம், சார்செல் பள்ளிக்கூடம் கொடுத்த சான்று. மற்றவர்களுக்கு அடுக்குகிற மாதிரியே வருட ஒழுங்கில் அடுக்கினேன். புறப்பட்ட திகதிக்குப் பழைய விமானச் சீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. நாள், மாதம், வருடம் மூன்றும் மனதில் இருந்தன. எழுதும்போது பேனா இரண்டு தரம் நின்றது. அடுத்த நாள் லா சப்பல் தபாலகத்தில் பதிவுத் தபாலாகக் கொடுத்தேன். சிட்டையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை சார்செல் முகவரிக்கே வந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாடிகளும் ஏறினேன். மேசையில் வைத்தேன். பிரிக்கவில்லை. அந்தக் கடிதம் இரண்டு நாள் பிரிக்காமல் கிடந்தது. மூன்றாம் நாள் கணவர்தான் பிரித்தார்.

புறப்பட்ட திகதிக்குப் பிறகு பெற்ற முழுத் தொகையும் திருப்பிச் செலுத்த வேண்டும். எழுதிக் கேட்டு மாதத் தவணைக்கு ஒழுங்கு செய்தேன். மகள் உயர்பள்ளி போகும்வரை கட்ட வேண்டியிருக்கும். தவணை ஒன்று தவறினால் என்ன ஆகும் என்ற பயம் மாதத்தின் கடைசிக் கிழமையில் இன்றும் வருகிறது. அண்ணனுக்கு அட்டை புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். மாடியறையைக் கல்லூரி மாணவி ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். கூரைக்கு எடுத்த காசுக்கு ஈடாக அந்த வாடகையை எனக்கு அனுப்பச் சொன்னது அம்மாவாம். என்னோடு மட்டும் அம்மா கதைக்கவில்லை. நான் எடுக்கும் நேரமெல்லாம் அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

மாரி தொடங்கியபோது ஒரு பொதி வந்தது. அதுவரை அம்மா எனக்குத் தபாலில் எதையும் அனுப்பியதில்லை. பாரிஸ் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். என் முகவரியை ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தப் பொதியில் சார்செல் முகவரி, கட்டட இலக்கம், மாடி எல்லாம் அவருடைய கையெழுத்தில் இருந்தன. உள்ளே சின்னக் கட்டிலின் விரிப்பு, மகளுக்கு அளவில்லாமல் போன ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பை மல்லி.

மேலே ஒட்டியிருந்த சுங்கப் படிவத்தை, தொழில் பழக்கத்தில், மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். அனுப்புபவர், பெறுபவர், பொருட்கள், நிறை, பெறுமதி என்று அம்மா ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடவில்லை. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. பொதியைச் சேர்ப்பிக்க முடியாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? கைவிடலாம் என்று ஒரு கட்டம். அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்டம். அந்த இரண்டாவது கட்டத்தில் அம்மா புள்ளடி போட்டிருந்தார். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தரம்.

மகளுக்கு இருமல் இல்லை. ஆனாலும் அன்று மல்லி அவித்தேன்.